படத்தில் தெரிவதும் ஆளுக்கு நேர்வதும்

மூளைத் தமனியில் உண்டான அனியூரிசம் என்ற புடைப்பு வெடித்து மருத்துவமனைக்கு வருபவருக்கு இரண்டு வழிகளில் சிகிச்சை தரலாம். மண்டை ஓட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் உலோகக் கிளிப் மாட்டுவது ஒரு வழி. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினம் சுருள்களை நிரப்புவது இன்னொரு வழி. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வில், ஆறு ஆண்டுகள் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோது, கிளிப் போட்டவர்களில் 96 சதவீதம் பேருக்குப் புடைப்பு முழுமையாக மூடியிருந்தது. சுருள் வைத்தவர்களில் 48 சதவீதம் பேருக்குத்தான் அப்படி இருந்தது. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வதென்றால் சுருள் தோற்றுவிட்டது. ஆனால் வெடித்த அனியூரிசத்தோடு வந்தவர்களை ஓராண்டு கழித்துத் தேடிப் பார்த்தால், பிறர் துணையில்லாமல் தம் வேலையைத் தாமே செய்துகொள்கிறவர்கள் சுருள் வைத்தவர்களில்தான் அதிகம். குறைவாக அடைக்கிற முறை எப்படிக் கூடுதலானவர்களை வாழவைக்கிறது? இதற்கு விடை தேடினால், இந்தச் சிகிச்சையின் பலனை எதைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது விளங்கும். சுருளுக்குப் பின் வந்த புதிய கருவிகளைப் பற்றி நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே புரியும்.

மூளையின் அடிப்பகுதியில் பெரிய தமனிகள் வளையமாக இணைந்து அங்கிருந்து கிளை பிரிகின்றன. கிளை பிரியும் இடங்களில் ரத்தம் சுவரை ஓயாமல் மோதுகிறது. சுவர் நலிந்த இடம் ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியே பிதுங்கி ஒரு சிறு பையாகிறது. வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருக்கிறது. பெண்களுக்கும், புகை பிடிப்பவர்களுக்கும், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் இது வந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து, வேறு காரணத்தால் இறக்கிறார்கள். வெடித்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. மூளையைச் சூழ்ந்த நீர்ப்பகுதிக்குள் ரத்தம் பீறிட்டு, வாழ்நாளில் கண்டிராத தலைவலியோடு நோயாளி சாய்கிறார். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துபோகிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. முதல் ரத்தக்கசிவு செய்த சேதத்தை எந்தச் சிகிச்சையாலும் திருப்ப முடியாது. கிளிப்பும் சுருளும் செய்யக்கூடியதெல்லாம் அதே பை இரண்டாவது முறை வெடிக்காமல் தடுப்பதுதான்.

1937-இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டேண்டி ஒரு வெள்ளிக் கிளிப்பால் அனியூரிசத்தின் கழுத்தை மூடினார். அடுத்த அரை நூற்றாண்டுக்கு அதுவே வழியாக இருந்தது. மாஸ்கோவில் ஃபியோதர் செர்பினென்கோ, குழாயின் முனையிலிருந்து கழற்றிவிடக்கூடிய சிறு பலூன்களை மூளைத் தமனிகளுக்குள் செலுத்தி, மண்டையைத் திறக்காமலும் அங்கே வேலை செய்யலாம் என்று 1970-களில் காட்டினார். ஆனால் ஒழுங்கற்ற வடிவமுள்ள மெல்லிய பைக்குள் பலூன் ஊதுவது ஆபத்தான வேலை. இத்தாலிய மருத்துவரான கைடோ குக்லியெல்மி, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1990-இல் நோயாளிகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கிய பிளாட்டினம் சுருள்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1995-இல் அதற்கு அனுமதி அளித்தது.

அந்தச் சுருள் வேலை செய்யும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதன் பலமும் பலவீனமும் அங்கேயே இருக்கின்றன. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாயின் முனையைப் பைக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். முதல் சுருள் சுவரை ஒட்டி ஒரு கூடு போல வளைந்துகொள்கிறது. பிறகு வரிசையாகச் சிறிய சுருள்கள் அதன் நடுவை நிரப்புகின்றன. சுருள் சரியாக அமரவில்லையென்றால் வெளியே இழுத்து மறுபடி வைக்கலாம். அமர்ந்துவிட்டால், தள்ளும் கம்பிக்கும் சுருளுக்கும் இடையிலுள்ள எஃகு இணைப்பில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். இணைப்பு ரத்தத்துக்குள்ளேயே மின்பகுப்பால் கரைந்து சுருள் பிரிகிறது. திரையில் பை முழுவதும் கறுத்துத் தெரிந்தாலும், பிளாட்டினம் உண்மையில் அடைத்திருப்பது அதன் கொள்ளளவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். மீதி இடத்தில் ரத்தம் உறைந்து நிற்கிறது. கழுத்துப் பகுதியில் ரத்த ஓட்டம் தொடர்ந்து மோதுவதால் சுருள்கள் நாளடைவில் உள்ளே நெருங்கி அமுங்கலாம், பை மறுபடி திறக்கலாம். சுருள் வைத்த 8,000-க்கும் மேற்பட்ட அனியூரிசங்கள் குறித்த ஆய்வுகளை 2009-இல் தொகுத்தபோது, 20.8 சதவீதம் மீண்டும் திறந்திருந்தன, 10.3 சதவீதத்துக்கு மறுசிகிச்சை தேவைப்பட்டது. ஆனால் அனியூரிசம் பெரும்பாலும் வெடிப்பது கழுத்தில் இல்லை, மெலிந்த உச்சியில். உச்சிப் பகுதியில் ரத்தம் உறைந்து நின்றுவிட்டால், கழுத்தில் சிறு மிச்சம் இருந்தாலும் மறுவெடிப்பு பெருமளவு தடுக்கப்படுகிறது. படத்தில் அரைகுறையாகத் தெரியும் அடைப்பு உடலுக்குப் போதுமானதாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

இது வெறும் ஊகம் இல்லை என்று காட்டியது ஐசாட் என்னும் ஆய்வு. ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ மாலினூ, ரிச்சர்ட் கெர் ஆகியோர் தலைமையில், பெரும்பாலும் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் உள்ள 43 மருத்துவமனைகளில் 2,143 பேரைச் சீட்டுக் குலுக்கலுக்கு ஒப்பான முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒருவர் ரத்தக்குழாய் வழிச் சிகிச்சை நிபுணர், மற்றவர் மூளை அறுவை நிபுணர் என்பதைக் கவனிக்க வேண்டும். போட்டித் துறைகள் இரண்டும் ஒரே ஆய்வில் கைகோத்தன. அவர்கள் முக்கியமாக அளந்தது ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோகிராம் படத்தை இல்லை. இரண்டு மாதத்திலும் ஓராண்டிலும் நோயாளிகளின் வீட்டுக்குத் தபாலில் ஒரு கேள்வித்தாள் போனது. உங்கள் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது, எந்த அளவுக்கு மாறியிருக்கிறது, பிறர் உதவி எவ்வளவு தேவைப்படுகிறது என்பவையே அதன் சாரம். சாவையும், பிறரைச் சார்ந்த வாழ்வையும் சேர்த்துப் பார்த்தபோது, ஓராண்டு முடிவில் சுருள் பிரிவில் 23.5 சதவீதம் பேர், கிளிப் பிரிவில் 30.9 சதவீதம் பேர் அந்த நிலையில் இருந்தார்கள். வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால் 2002-இல் ஆட்களைச் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். நூறு பேருக்கு ஏழு பேர் என்ற இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? ரத்தம் கசிந்து வீங்கிய மூளையை விலக்கித்தான் அறுவை நிபுணர் தமனியை அடைய முடியும். அந்த விலக்கலும், கிளிப் மாட்டும் இடத்தருகே பிரியும் நுண்கிளைகள் அடைபடும் வாய்ப்பும் நோயாளி கொடுக்கிற விலை. சுருள் பிரிவில் வலிப்பு நோயும் நினைவாற்றல், சிந்தனைக் குறைபாடுகளும் குறைவாக இருந்தன என்பதும் இதோடு பொருந்துகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஐசாட்டுக்காக 9,559 பேரைப் பரிசீலித்து 2,143 பேரைத்தான் சேர்த்தார்கள். எந்த முறையும் பொருந்தும் என்று இரு நிபுணர்களும் கருதியவர்கள் மட்டுமே உள்ளே வந்தார்கள். பெரும்பாலோர் நினைவு தெளிவாக இருந்தவர்கள், பெரும்பாலான பைகள் பத்து மில்லிமீட்டருக்கும் சிறியவை, கிட்டத்தட்ட எல்லாமே மூளையின் முன்பகுதி ரத்த ஓட்டத்தில் இருந்தவை. அப்படியிருக்க முடிவை எல்லோருக்கும் பொருத்தலாமா? கூடாது என்பதே சரியான பதில். நடு மூளைத் தமனியின் கிளைப்பிரிவில் அகன்ற கழுத்தோடு இருக்கும் பைக்குப் பல இடங்களில் இன்றும் கிளிப்பையே நாடுகிறார்கள். குறுகிய வாயுள்ள குடத்தில் போட்டது உள்ளேயே கிடக்கும், தாம்பாளத்தில் போட்டது நிற்காது. சுருளுக்கும் கழுத்துக்கும் உள்ள உறவும் அதுதான். ஆனால் இந்த மறுப்பு ஐசாட்டின் மையக் கண்டுபிடிப்பைத் தொடுவதில்லை. முன்பு சொன்ன பீனிக்ஸ் ஆய்வான பிராட், வருகிறவர்களை ஏறத்தாழ வடிகட்டாமல் மாற்றி மாற்றி இரு பிரிவிலும் சேர்த்தது. சுருள் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோருக்குச் சுருள் பொருந்தாமல் கிளிப் போட நேர்ந்தது. அப்படியிருந்தும் ஓராண்டு முடிவில் மோசமான நிலையில் இருந்தவர்கள் கிளிப் பிரிவில் 33.7 சதவீதம், சுருள் பிரிவில் 23.2 சதவீதம். மூன்றாம் ஆண்டில் இந்த இடைவெளி குறைந்து புள்ளியியல் முக்கியத்துவத்தை இழந்தது உண்மைதான். பின்பகுதித் தமனிகளில் மட்டும் சுருளின் சாதகம் ஆறாம் ஆண்டிலும் நிலைத்தது. நான்கு ஆய்வுகளைச் சேர்த்த காக்ரேன் அமைப்பின் 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பு மதிப்பீடும் ஓராண்டுக் கணக்கில் 24 சதவீதத்துக்கு 32 சதவீதம் என்று சுருள் பக்கமே சாய்ந்தது.

இரண்டாவது மறுப்பு காலத்தைப் பற்றியது. திறந்துகொள்ளும் பை என்றாவது மறுபடி வெடிக்காதா, முதல் ஆண்டில் கிடைத்த லாபம் இருபதாம் ஆண்டில் கரைந்துபோகாதா? நியாயமான கேள்வி. இதற்காக ஐசாட்டின் பிரிட்டன் பிரிவைச் சேர்ந்த 1,644 பேரை பத்து முதல் பதினெட்டரை ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டுக்குப் பிறகு, சிகிச்சை பெற்ற அதே பையிலிருந்து மறுபடி ரத்தம் கசிந்தது 17 பேருக்கு. அவர்களில் 13 பேர் சுருள் பிரிவு, 4 பேர் கிளிப் பிரிவு. ஆபத்து கூடுதல் என்பது உறுதி, ஆனால் எண்ணிக்கை சிறியது. பத்தாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் சுருள் பிரிவில் 83 சதவீதம், கிளிப் பிரிவில் 79 சதவீதம். ஆகவே தொடக்க லாபத்தை மறுவெடிப்பு விழுங்கிவிடவில்லை. இதே ஆய்வாளர்களில் சிலர் 2008-இல் வேறு ஒரு கணக்கும் போட்டார்கள்: நாற்பது வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குச் சுருள்தான் மேல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முப்பது வயதுக்காரர் இன்னும் ஐம்பது ஆண்டுகள் அந்தச் சிறு ஆபத்தைச் சுமக்க வேண்டும், அறுவையின் முதல் அதிர்ச்சியையும் அவர் நன்றாகத் தாங்குவார். அறுபது வயதுக்காரருக்கு இரண்டுமே நேர்மாறு. தம் ஆய்வின் எல்லையைத் தாமே வரைந்து காட்டிய இந்த நேர்மைதான் ஐசாட்டின் முடிவுகளை நம்பவைக்கிறது.

மண்டையில் வெட்டு இல்லை என்பதால் இதை ஆபத்து குறைந்த சிறு சிகிச்சை என்று எண்ணிவிடக் கூடாது. தோலில் உள்ள துளையின் அளவுக்கும் உள்ளே நடக்கக்கூடிய சேதத்தின் அளவுக்கும் தொடர்பே இல்லை. பிரான்சிலும் கனடாவிலும் வெடிக்காத அனியூரிசம் உள்ள 649 பேரைப் பின்தொடர்ந்த அட்டேனா ஆய்வில், சிகிச்சையின்போது ரத்தக்கட்டி உருவாகித் தமனியை அடைத்தது 7.1 சதவீதம், பையே கிழிந்தது 2.6 சதவீதம். இந்த இரண்டு ஆபத்துகளும் எதிர்த்திசையில் இழுக்கின்றன என்பதே மருத்துவரின் சிக்கல். குழாய்களிலும் சுருள்களிலும் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்திருப்பார்கள். அந்த நிலையில் கம்பியின் முனை சுவரைத் துளைத்தால் படத்துக்காகக் குழாய் வழியே செலுத்திய சாயம் திரையில் பைக்கு வெளியே புகைபோலப் பரவும். பதறிக் குழாயை வெளியே இழுத்தால் துளை முழுதாகத் திறந்துவிடும். அதனால் குழாயை அப்படியே வைத்துக்கொண்டு, ஹெப்பாரினை முறிக்க புரோட்டமின் செலுத்தி, வேகவேகமாக மேலும் சுருள்களை நிரப்பித் துளையை அடைக்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களில் கைப்பழக்கம்தான் காப்பாற்றும். ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள் என்று மருத்துவமனையைக் கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை உண்டு. தொடையிடுக்கில் ரத்தக்கட்டு, சாயத்தால் ஒவ்வாமை, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவையும் உண்டு. ஆனாலும் பக்கவாதம்தான் முதன்மையான அச்சம்.

வெடித்த பைக்கு இந்த ஆபத்தை ஏற்பது எளிதான முடிவு. சும்மா விட்டால் அது மறுபடி வெடிக்கும் வாய்ப்பு மிக அதிகம். வெடிக்காத பையில் கணக்கு வேறு. இன்று தலைவலிக்கோ தலைசுற்றலுக்கோ எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது தற்செயலாகச் சிறு அனியூரிசம் தெரியவருவது பெருகிவிட்டது. ஜப்பானில் 5,720 பேரைப் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான யூகாஸ் ஆய்வில் ஆண்டுக்குச் சராசரியாக 0.95 சதவீதம் பைகள் வெடித்தன. அளவு வாரியாகப் பார்த்தால், 3-4 மில்லிமீட்டர் பைகளுக்கு ஆண்டுக்கு 0.36 சதவீதம், 7-9 மில்லிமீட்டருக்கு 1.69 சதவீதம், 25-உம் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 33 சதவீதம். வெடித்தால் பாதிப்பேர் இறப்பார்கள் அல்லது பிறரைச் சார்ந்து வாழ்வார்கள் என்று தோராயமாகக் கொள்வோம். 4 மில்லிமீட்டர் பை உள்ளவருக்கு ஆண்டு ஆபத்து ஏறத்தாழ 0.18 சதவீதம். அட்டேனாவில் சிகிச்சைக்கு ஒரு மாதத்துக்குப் பின் நரம்பியல் பாதிப்போடு இருந்தவர்கள் 1.7 சதவீதம், இறந்தவர்கள் 1.4 சதவீதம், ஆக 3.1. அதாவது பதினேழு ஆண்டுகளில் சிறிது சிறிதாக வரக்கூடிய ஆபத்தை ஒரே நாளில் முன்கூட்டியே சந்திக்கிறோம். 8 மில்லிமீட்டர் பைக்கு அதே கணக்கு நான்கு ஆண்டுக்குள் ஈடாகிவிடுகிறது. சிகிச்சை ஒன்றுதான், குழாயும் சுருளும் ஒன்றுதான். ஒருவருக்கு அது நட்டம், இன்னொருவருக்கு லாபம்.

இந்தக் கணக்கைப் பலவிதமாகக் குறை சொல்லலாம். கைத்திறன் வளர்ந்துவிட்டது என்பார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில் குழாய் வழிச் சிகிச்சையின் இறப்பு 0.3 சதவீதம்தான், ஆனால் சிக்கல்கள் 4.96 சதவீதம். நிலையான பாதிப்பு 2 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்றே வைத்தாலும் 4 மில்லிமீட்டர் பைக்கு ஈடாகப் பதினோரு ஆண்டுகள் ஆகும். யூகாஸில் ஆபத்தாகத் தெரிந்த பைகளுக்குச் சிகிச்சை செய்துவிட்டார்கள், எஞ்சியவை சாதுவானவை, அதனால் உண்மையான ஆபத்து இதைவிடக் கூடுதல் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஜப்பானியருக்கும் ஃபின்லாந்து மக்களுக்கும் பிறரைவிட வெடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் உண்மை, அது கணக்கை எதிர்த்திசையில் திருத்துகிறது. வெடித்து வருகிற பைகளில் பல சிறியவைதானே என்றும் கேட்பார்கள். சிறிய பைகள் எண்ணிக்கையில் மிகப் பல என்பதே அதற்குக் காரணம். ஒவ்வொன்றும் ஆபத்தானது என்று அதற்குப் பொருள் இல்லை. எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு, அச்சத்தைப் பற்றியது. தலைக்குள் வெடிகுண்டு இருக்கிறது என்று கேட்டவர் எப்படி நிம்மதியாகத் தூங்குவார்? அந்த வேதனை நிஜமானது, கணக்கில் சேர்க்க வேண்டியது. ஆனால் வெடிகுண்டு என்ற சொல்லைக் கொடுத்துவிட்டு, அதனால் வந்த அச்சத்துக்குச் சிகிச்சை தருவது முறையாகாது. இப்படிப்பட்ட சிறு பை உள்ள ஆயிரம் பேரில் 996 பேருக்கு இந்த ஆண்டு எதுவும் நேராது என்று சொல்வதும் அதே உண்மைதான்.

படத்தைப் பார்த்து மயங்கும் பழக்கம் புதிய கருவிகளிடம் இன்னும் வலுப்பட்டிருக்கிறது. பைக்குள் நுழையாமல், தாய்த் தமனிக்குள் நெருக்கமாகப் பின்னிய உலோக வலைக்குழாயை விரித்து, ரத்த ஓட்டத்தைப் பையிலிருந்து திசைதிருப்பும் பைப்லைன் என்ற கருவிக்கு 2011-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. சுருள் பொருந்தாத பெரிய, அகன்ற கழுத்துள்ள பைகளுக்கு அது உண்மையிலேயே பெரிய வரம். 108 பேர் பங்கேற்ற அதன் ஆய்வில் ஐந்தாம் ஆண்டில் 95 சதவீதம் பைகள் முழுமையாக மூடியிருந்தன. 5.6 சதவீதம் பேருக்குக் கடும் பக்கவாதமோ நரம்பியல் காரணத்தால் மரணமோ நேர்ந்தது. அந்தப் பைகளை விட்டுவைத்தால் வரக்கூடிய ஆபத்து மிகப் பெரியது என்பதால் அந்த விலை நியாயமானது. பிறகு அதே கருவி 12 மில்லிமீட்டர் வரையிலான சிறிய பைகளுக்கும் நகர்ந்தது. 141 பேர் ஆய்வில் கடும் சிக்கல் 2.1 சதவீதம், நல்ல எண்தான். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிடுவதற்குச் சிகிச்சை பெறாத பிரிவு இல்லை. வலைக்குழாய் வைத்தவர் மாதக்கணக்கில் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையும் சாப்பிட வேண்டும். குளோபிடோக்ரெல்லை உடலுக்குள் செயல்படவைக்கும் நொதியில் குறையுள்ள மரபணு ஆசியர்களிடம் ஐரோப்பியரைவிடப் பரவலாக இருப்பதால், நம்மில் கணிசமானவர்களுக்கு அந்த மாத்திரை போதிய அளவு வேலை செய்யாமல் போகலாம். மாத்திரையை நிறுத்தினால் வலைக்குழாய் அடைபடலாம், தொடர்ந்தால் வேறிடத்தில் ரத்தம் கசியலாம். இவை எதுவும் அழகாக மூடிய பையின் படத்தில் தெரியாது.

வெடிக்காத பைக்குச் சிகிச்சை செய்வது நல்லதா, கண்காணிப்பது நல்லதா என்று குலுக்கல் முறையில் அறிய 2006-இல் கனடாவின் ழான் ரேமண்ட் தலைமையில் டீம் என்ற பன்னாட்டு ஆய்வு தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் எண்பது பேர். 2009-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. எது நல்லது என்று தெரியவில்லை என ஒப்புக்கொண்டு ஒரு சீட்டின் கையில் முடிவை விட, மருத்துவர்களும் நோயாளிகளும் தயங்கினார்கள். ஐசாட்டைப் போன்ற வலுவான விடை வெடிக்காத பைக்கு இல்லாமல் போனதில் அந்தத் தயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சிகிச்சை நடந்துகொண்டே இருந்தது. சீட்டுக் குலுக்கலைவிட அதுதான் பெரிய பரிசோதனை, ஏனெனில் அதில் பெரும்பாலானவர்களின் முடிவுகளை யாரும் எண்ணவில்லை. இன்றைய நிலையில், முன்பு ரத்தக்கசிவு வராத, 4 மில்லிமீட்டர் அளவுள்ள, ஒழுங்கான வடிவமுள்ள பையோடு வருகிற அறுபத்தைந்து வயதுக்காரருக்கு என் மதிப்பீட்டில் முதல் சிகிச்சை ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் புகையை விடுவதும்தான். ஆறு மாதம் அல்லது ஓராண்டில் ஒரு எம்.ஆர். ஆஞ்சியோகிராம், பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி. பை வளர்ந்தாலோ, அதன் மேல் புதிதாக ஒரு சிறு முளை தெரிந்தாலோ, முன்பு போட்ட கணக்கை எடுத்துவைத்து முதலிலிருந்து மறுபடி போட வேண்டும்.